கேமராவைத் திறந்தால் நீலம்

மறுபடியும் நீலம். கேமரா படத்தின் மேல் அம்பை வைத்து அழுத்தினேன், கறுப்பாக ஒரு சதுரம் திறந்தது, அதில் என் முகம் வரப்போகிறது என்று நெற்றியில் விழுந்த முடியைக்கூட ஒதுக்கிக்கொண்டேன், முகத்துக்குப் பதிலாகத் திரை முழுக்க நீலம் பரவி, அதன் ஓரத்தில் உதட்டைப் பிதுக்கிய அந்த முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு புள்ளி, ஒரு வளைகோடு. இதை வரைந்தவன் எவனோ, அன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவனாகத்தான் இருக்கவேண்டும். உங்கள் கம்ப்யூட்டர் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டது என்று இங்கிலீஷில் சொல்கிறது. கம்ப்யூட்டருக்கு என்ன சிக்கல், அதற்குப் பதினோரு மணிக்கு இன்டர்வியூவா இருக்கிறது? எனக்குத்தான் இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு தடவை பாதியில் அறுந்துபோன இன்டர்வியூ. மூன்றாவது தடவையும் இணைப்பு நின்றால் உங்கள் பெயரை எடுத்துவிடுவோம் என்று எவ்வளவோ மரியாதையான வார்த்தைகளில் மெயில் போட்டிருக்கிறார்கள். போனில் பேசலாமா என்றால் முடியாதாம். அவர்கள் கொடுக்கிற சாப்ட்வேர் கம்ப்யூட்டரில்தான் ஓடும், கேமரா கடைசிவரை திறந்தே இருக்கவேண்டும், பக்கத்தில் யாரும் உட்கார்ந்து பதில் எடுத்துக்கொடுக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். என் பக்கத்தில் யார் உட்காரப்போகிறார்கள், வீட்டுக்காரர் சண்முகம் லேத் பட்டறைக்குப் போயாயிற்று, மகள் இனியா பள்ளிக்கூடத்துக்குப் போயாயிற்று, சண்முகத்தின் அப்பா, என் மாமா, கூடத்தில் பேப்பர் படிக்கிறார். அறையில் இருப்பது நானும் இந்த நீலமும்தான்.

இதற்குப் பார்க்காத வைத்தியம் இல்லை. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் தெருவே டாக்டராகிவிடுகிற மாதிரி, கம்ப்யூட்டர் விழுகிறது என்று சொன்னதும் ஆளாளுக்கு ஒரு மருந்து. தூசிதான் காரணம் என்றார் சண்முகம், சைக்கிள் பம்பை எடுத்துவந்து கம்ப்யூட்டர் டப்பாவைத் திறந்து உஸ் உஸ் என்று அடித்தார், பல்லி முட்டை ஒன்று உருண்டு வந்தது, அதைப் பார்த்ததும் நோயைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு சிரிப்பு, அன்று சாயங்காலமே விழுந்தது. ரிப்பேர் கடைக்காரர் வந்தார், உள்ளே இருக்கிற மெமரிப் பட்டையைப் பிடுங்கி இனியாவின் அழிரப்பரை வாங்கித் தேய்தேய் என்று தேய்த்துத் திரும்பச் சொருகினார், ஒரு நாள் நன்றாக இருந்தது, அது நான் கேமராவைத் திறக்காத நாள் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அடுத்த தடவை போன் செய்தபோது, ஃபார்மேட் பண்ணிரலாங்க, எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டா எல்லாஞ் சரியாயிரும் என்றார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக. சொல்லும்போதே அவருக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது. அதில்தான் நான் இத்தனை நாள் படித்த குறிப்புகள் இருக்கின்றன, இனியா குப்புறக் கவிழ்ந்த படத்திலிருந்து எல்லாம் இருக்கின்றன என்றேன், அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுங்க என்று வைத்துவிட்டார். டப்பாவின் நெற்றியில் சரஸ்வதி பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. ஈரச் சந்தனம் உள்ளே இறங்கியிருக்குமோ என்றுகூட ஒருநாள் ராத்திரி பயந்தேன். பயத்துக்கு இன்ன சாப்பாடுதான் வேண்டும் என்று கிடையாது, கிடைத்ததைத் தின்னும்.

நீலம் போய்க் கறுப்பாகி, புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டன. சுற்று, சுற்று. இது சுற்றுகிற நேரத்தில் குறிப்புகளை ஒருமுறை பார்க்கலாம், கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்தால் இப்படித்தான், நோட்டில் எழுதியிருக்கலாம். கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தால் முதல் வரி வருகிறது, இரண்டாவது வரியில் குக்கருக்கு வெயிட் போட்டேனா என்று வருகிறது. போட்டேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சரவணம்பட்டி ஆபீஸில் என் மேஜைக்கு வந்து நின்று, சுகந்தி, இதை ஒரு பார்வை பாத்துருங்க, நீங்க பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று மேனேஜர் சொல்வார். சாப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. மற்றவர்கள் கட்டினதை நான் உடைத்துப் பார்ப்பேன், உடைந்தால் சந்தோஷப்படுவேன், அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். இனியா பிறந்ததும் ஆறு மாசம் என்று சொல்லிவிட்டு வந்தேன், ஆறு மாசம் அத்தையின் ஆபரேஷனாயிற்று, அத்தை போனபிறகு மாமாவைத் தனியாக எப்படி விடுவது என்றாயிற்று, யாரும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை, அதுதான் இதில் மோசம், சொல்லியிருந்தால் யார் மேலாவது கோபப்பட்டிருக்கலாம். இந்தக் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்குப் பில் போடுகிற சாப்ட்வேர் செய்கிறது, வீட்டிலிருந்தே சோதித்துக் கொடுத்தால் போதும், என் வயதில் என் இடைவெளியோடு இன்னொன்று கிடைக்காது. இதற்கே அனுப்பிய விண்ணப்பங்களுக்குக் கணக்கில்லை. முதல் தடவை கேமராவைத் திறந்ததுமே விழுந்தது. இரண்டாவது தடவை குட் மார்னிங் சொல்கிற அளவுக்கு விட்டது, அவர்கள் வாயைத் திறந்தார்கள், விழுந்தது. விழுந்தபோது எனக்கு — வேண்டாம், இப்போது அதை நினைக்கவேண்டாம். புள்ளிகள் நின்றுவிட்டன. கடவுச்சொல் கேட்கிறது.

ஒன்று செய்யலாம். வேண்டுமென்றே இன்னொரு தடவை விழவைக்கலாம். ஒவ்வொரு தடவை விழும்போதும் இனி எழாமலே போய்விடுமோ என்று இருக்கிறது, ஆனால் ஆபீஸில் இதைத்தானே செய்தேன், ஒரு தப்பை மறுபடி வரவைக்கத் தெரிந்தால் பாதி பிடித்த மாதிரி. இத்தனை நாள் நீலம் வந்ததும் நான் அந்த அழுமூஞ்சியைத்தான் பார்த்தேன், அதோடு சேர்ந்து நானும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டேன், கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படிக்கவில்லை. போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு கேமராவை அழுத்தினேன். கறுப்புச் சதுரம், நீலம், கிளிக். போட்டோவைப் பெரிதாக்கினால் கடைசி வரியில் ஒரு பெயர் இருக்கிறது, பெயரென்றால் உச்சரிக்க முடியாத எழுத்துக் கூட்டம், அது எதனால் விழுந்தது என்று அதுவே வாக்குமூலம் கொடுத்திருக்கிறது. போனில் அதைத் தட்டிப் பார்த்தேன். கேமராவின் டிரைவர். கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது, நடுவில் நின்று பேச்சைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சின்ன சாப்ட்வேர்தான் டிரைவர். கல்யாணத் தரகர் மாதிரி. தரகர் பாதியைச் சொல்லிப் பாதியை முழுங்கினால் இரண்டு வீடும் என்ன ஆகும்? யாரோ எந்த ஊரிலோ இதே பெயரைப் போட்டு இதே புலம்பலைப் புலம்பியிருக்கிறார்கள், புது டிரைவர் அரைகுறையாக ஏறியிருக்கிறது என்று இன்னொருவர் பதில் போட்டிருக்கிறார். முகம் தெரியாத அந்த மனுஷரைப் பார்த்துக் கும்பிடத் தோன்றியது. ஆனால் என் வீட்டில் எப்படி அரைகுறையாக ஏறும்? நான் எதையும் பாதியில் நிறுத்தவில்லையே. நிறுத்தினேனா? நானே செய்துவிட்டு நானே மறந்துவிட்டேனா? இப்போதெல்லாம் எதையும் நம்புவதற்கில்லை, போன வாரம் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டே வீடு முழுக்கத் தேடினேன். ஒன்பது வருஷத்தில் எனக்குள்ளும் ஏதாவது பாதியில் நின்றுபோயிருக்குமோ, வெளியே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்து, யாராவது ஒரு கேள்வி கேட்டதும் அப்படியே விழுகிற மாதிரி.

மாமா அறை வாசலில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்ற கால், சத்தமில்லாமல் நிற்கும். கையில் மோர் தம்ளர்.

"என்னம்மிணி, மறுக்காவும் போயிருச்சா?"

"ஆமாங் மாமா. இந்தத் தடவை நானாத்தான் போக வெச்சேன்."

"வெறும் வயித்துல உக்காந்துட்டு அதோட மல்லுக்கட்டாதே. இந்தா, குடி." தம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் டப்பாவையே பார்த்தார். "இதென்னமோ இப்பத்தான் இந்தப் பாடு படுத்துது. அன்னைக்கு இடி இடிச்சப்ப நான் மட்டும் வயரைப் புடுங்காம உட்டிருந்தன்னா, அன்னைக்கே கருகியிருக்கும். பக்கத்தூட்டு டீவி என்னாச்சுன்னு பாத்தியல்ல?"

தம்ளர் வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. "என்னைக்குங் மாமா?"

"பூஜை முடிஞ்ச மறுநாளு. நீ மாடில துணி எடுக்கப் போயிருந்தே. பளீர்னு ஒரு வெட்டு வெட்டுச்சு பாரு, ஓடியாந்து எல்லாத்தையும் புடுங்கிப் போட்டேன். பிரிட்ஜு, டீவி, இது."

"அப்ப இதுல ஏதாச்சும் ஓடிட்டு இருந்துச்சுங்களா?"

"என்னமோ புள்ளி புள்ளியாச் சுத்திட்டு இருந்துச்சு. கீழ இங்கிலீசுல எழுதியிருந்துச்சு. நின்னு படிக்கற நேரமா அது? மில்லுல எது கோளாறு பண்ணுனாலும் மொதல்ல கரண்டைத்தான் வெட்டுவோம், பொறகுதான் மத்ததெல்லாம்."

அணைக்காதீர்கள் என்று எழுதியிருந்திருக்கும். புதிதாக ஏதோ வந்திருக்கிறது, போடட்டுமா என்று அது கேட்டது, தொல்லை விட்டால் போதும் என்று நான்தான் சரி என்று அழுத்திவிட்டு மாடிக்கு ஓடினேன், துணி நனையக்கூடாது. டிரைவர் பாதி ஏறிக்கொண்டிருந்தபோது மாமா வயரைப் பிடுங்கியிருக்கிறார். பேட்டரி செத்த யு.பி.எஸ்ஸை மாற்றவேண்டும் என்று சண்முகத்திடம் வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது இருந்திருந்தால் மாமா பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் தாங்கியிருக்கும். கோபம் வந்தது. வந்ததை மறைப்பானேன், காது சூடாகிறவரை வந்தது. இத்தனை நாள், இரண்டு இன்டர்வியூ, பம்பு, அழிரப்பர், எல்லாம் ஒரு இடிக்காக. இந்த வீட்டில் மட்டுமா, இந்தத் தெருவில் இடி இடித்தால் எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது, குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் டீவி வயரைப் பிடுங்குகிறோம், நான் கீழே இருந்திருந்தால் நானே பிடுங்கியிருப்பேன். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டுக்குக் காத்திருக்கிற முகம். மீசைக்குக் கீழே உதடு லேசாகத் தொங்கி, அத்தை போனதிலிருந்து வந்த தொங்கல். இப்போது சொன்னால் என்ன ஆகும்? இனி இந்த அறைக்குள் காலே வைக்கமாட்டார், இடி இடித்தால் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு கையைப் பிசைவார். அதையும் நான் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். "நல்லவேளை புடுங்குனீங்க மாமா," என்றேன். "சரி, நீ வேலையப் பாரு," என்று சந்தோஷமாகப் போனார். பொய் சொன்னால் மோர்கூட இனிக்கிறது.

மணி பார்க்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். பார்த்திருக்கவேண்டாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன், வீட்டில் இருக்கிற பண்டபாத்திரம் மாதிரி கம்ப்யூட்டருக்குள் இருக்கிறதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும், கேமராவை எடுத்தேன், டிரைவர் என்று இருந்ததற்குள் போனேன், பழைய டிரைவருக்குத் திரும்பு என்கிற பொத்தான் மங்கலாக இல்லாமல் பளிச்சென்று இருந்தது. மங்கலாக இருந்தால் திரும்ப வழியில்லை என்று அந்த மனுஷர் எழுதியிருந்தார். எனக்கு வழி இருக்கிறது. அழுத்தினேன். உடனே செய்துவிடுமா? ஏன் திரும்புகிறீர்கள் என்று காரணம் கேட்கிறது. தாலுகா ஆபீஸ் கெட்டது. மணி ஓடுகிற நேரத்தில் காரணம் சொல்லவேண்டுமாம், நாலைந்து காரணங்களை அதுவே எழுதியும் வைத்திருக்கிறது. முன்பு இருந்தது நம்பும்படி இருந்தது என்று ஒன்று. அதைத் தேர்ந்தெடுத்தேன். பச்சைக் கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. கரண்டு போகக்கூடாது, இடி இடிக்கக்கூடாது, வெயில் கொளுத்துகிறது, இருந்தும் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன். மருதமலையானே, விழாமல் பார்த்துக்கொள், இது மட்டும் விழாமல் இருக்கட்டும், வேறெதுவும் கேட்கமாட்டேன் என்று கேட்டேன். போன மாதம் இனியாவின் பரீட்சைக்கும் வேறெதுவும் கேட்கமாட்டேன் என்றுதான் கேட்டிருந்தேன், அவருக்கு ஞாபகம் இருக்காது என்று நம்பினேன். முடிந்தது என்றது. மறுபடி அணைந்து, மறுபடி புள்ளிகள் சுற்றி, மறுபடி கடவுச்சொல். கேமரா. அழுத்து. கறுப்புச் சதுரம். சதுரத்துக்குள் ஒரு பெண் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்தான். மூடினேன், திறந்தேன், மறுபடி நான். டீவி மாதிரி ஓடுகிறது, அசைந்தால் அசைகிறேன். காதோரம் நரை இருப்பது தெரியும், இவ்வளவு இருப்பது தெரியாது. பட்டறைக்குப் போன் செய்து சண்முகத்திடம் சொல்லலாமா, மாமாவைக் கூப்பிட்டுக் காட்டலாமா, எழுந்து ஒரு ஆட்டம் போடலாமா என்று ஒரு கணம் இருந்தது, அடுத்த கணமே அது எங்கோ போய்விட்டது. கம்ப்யூட்டர் விழாது. அப்படியென்றால் இன்டர்வியூ நடக்கும். நடந்தால் கேள்வி கேட்பார்கள். கேட்டால் நான் சொல்லவேண்டும். காலையிலிருந்து நான் ஒருதடவைகூட அந்தக் கேள்விகளுக்குப் பயப்படவில்லை, பயப்பட நேரமில்லை, எல்லாப் பயத்தையும் டப்பா வாங்கி வைத்துக்கொண்டிருந்தது, இப்போது மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கிறது. இனி எது விழுந்தாலும் நான் விழுந்ததாகத்தான் இருக்கும். வேண்டாம் என்று தள்ளிவைத்ததை இப்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டாவது தடவை அவர்கள் வாயைத் திறந்ததும் திரை நீலமானதே, அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி. ஐயோ போச்சே என்று வெளியே சத்தம் போட்டேன், மாமா ஓடிவந்தார், சாயங்காலம் சண்முகம் தோளைத் தட்டினார், உள்ளே யாரோ காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்கள். அது நான்தான். வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டு முடிக்கவும் நேரமில்லை, மணி பதினொன்று, அவர்கள் கொடுத்த சாப்ட்வேரைத் திறந்தேன், சதுரம் இரண்டாகப் பிரிந்து பக்கத்தில் இன்னொரு முகம் வந்துவிட்டது.

சின்னப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள், பெயர் சம்யுக்தா என்று கீழே எழுதியிருந்தது. "வணக்கம் மேடம், நான் பேசறது கேக்குதுங்களா? இன்னைக்கு லைன் நல்லாருக்கு," என்று சிரித்தாள். கேட்கிறது என்றேன். நான் சொன்னது எனக்கே தூரத்தில் கேட்டது. ஊர் எது, குழந்தை எத்தனாவது படிக்கிறாள் என்று இரண்டு வார்த்தை, எல்லாம் சுலபம், பிறகு குனிந்து எதையோ பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "ஸ்டார்ட் பண்ணலாமுங்களா? மொதல்ல பேசிக்கா ஒண்ணு. ரிக்ரஷன் டெஸ்டிங்னா என்னங்க?"

தெரியும். என் பெயர் தெரிகிற மாதிரி தெரியும். சரவணம்பட்டியில் ஒரு நாளைக்குப் பத்து தடவை வாயில் புழங்கிய வார்த்தை, நேற்றுக்கூடப் படித்தேன், எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் இருந்தது என்றுகூடத் தெரிகிறது, வார்த்தைகள் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக இருக்கிறது. வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அவள் காத்திருக்கிறாள். திரையின் மூலையில் என் முகம் அதே மாதிரி வாயைத் திறந்தபடி இருக்கிறது. விழு, என்றேன் உள்ளுக்குள். தயவுசெய்து விழு. காலை முழுக்க விழாதே என்று கும்பிட்டவள்தான், இப்போது ஒரே ஒரு தடவை விழு என்று கெஞ்சினேன், நீலம் வரட்டும், அந்த அழுமூஞ்சி வரட்டும், நான் போய்ப் படுத்துக்கொள்கிறேன். வரவில்லை. வராது, நான்தானே சரிசெய்தேன். கம்ப்யூட்டர் கல்லுமாதிரி நின்றது, அவள் கண் சிமிட்டுவதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

"வார்த்தை வரமாட்டேங்குதுங்க," என்றேன். "ஒன்பது வருஷமாச்சு. ஒரு நிமிஷம் குடுத்தீங்கன்னா யோசிச்சுச் சொல்றேன்."

கட் செய்துவிடுவாள் என்று நினைத்தேன். "யோசிங்க மேடம், அவசரமில்லை," என்று தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.

புத்தகத்தில் இருந்த வரி வரவே இல்லை. அதைத் தேடுவதை விட்டேன். விட்டதும், அந்த வேலையை எப்படிச் செய்வேன் என்பது கைக்கு ஞாபகம் வந்தது, மேஜை, மானிட்டர், மேனேஜர் வந்து நிற்பது, முன்தினம் ஒழுங்காக இருந்ததையெல்லாம் மறுபடி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது.

"புதுசா ஒண்ணை மாத்திட்டோம்னு வெச்சுக்குங்க," என்று ஆரம்பித்தேன். "மாத்துனதுக்கப்பறம், அதுக்கு முன்னாடி ஒழுங்கா ஓடிட்டு இருந்ததெல்லாம் இன்னமும் ஓடுதான்னு திரும்ப ஓட்டிப் பாக்கறதுங்க."

அவள் எதையோ எழுதிக்கொண்டே, "ஓடலைன்னா?" என்றாள்.

"எங்க நின்னுச்சுன்னு கண்டுபுடிக்கோணுங்க," என்றேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "அதுதானுங்க என்னோட வேலை."